முதல் நடுவதற்கு முன்னால்: ஃபுளோரஸ் மலைக்கிராமத்துக்குப் போகும் தமிழர்களுக்கு

இந்தோனேசியாவுக்கு வந்து மொழி பழகத் தொடங்கும் தமிழருக்கு, முதல் சில வாரங்களிலேயே தெரிந்த முகம்போலச் சில சொற்கள் எதிர்ப்படும். நம் கடை அங்கே ‘கெடாய்’, நம் பெட்டி ‘பெத்தி’, நம் கப்பல் ‘கப்பால்’. தொழில் செய்ய வந்தவர்கள் நாள்தோறும் கேட்கும் ‘மோடால்’ என்ற சொல்லும் நம்முடைய ‘முதல்’ என்பதிலிருந்து போனதுதான். முதலீட்டை அவர்கள் ‘பெனானாமான் மோடால்’ என்கிறார்கள். அதன் நேர்ப்பொருள் முதலை நடுதல். இந்தச் சொல்லை முன்வைத்தே இவ்வழிகாட்டியைத் தொடங்குகிறேன். ஏனெனில் ஜகார்த்தாவிலோ மேடானிலோ வேலைக்குச் சேர்ந்து ஓராண்டு முடிவதற்குள், தொலைதூரக் கிராமம் ஒன்றில் நிலம் வாங்கலாம், விடுதி கட்டலாம், காப்பித் தோட்டம் போடலாம் என்று யாராவது ஒருவர் நம்மிடம் சொல்லிவிடுகிறார். நடுவதற்கு முன் மண் யாருடையது என்று தெரிந்துகொள்ள வேண்டும் அல்லவா? அதைத் தெரிந்துகொள்ள, ஃபுளோரஸ் தீவின் மேற்கே மங்கராய் மலைகளில் உள்ள வாயே ரெபோவைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தோன்றவில்லை.

வாயே ரெபோ கிழக்கு நூசா தெங்காரா மாநிலத்தில், மங்கராய் மாவட்டத்தில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில், காடு சூழ்ந்த ஒரு மலைக்கிண்ணத்துக்குள் இருக்கிறது. ஜகார்த்தாவிலிருந்தோ பாலியிலிருந்தோ லாபுவான் பாஜோவுக்கு விமானத்தில் வந்து, அங்கிருந்து வண்டியில் ஐந்து ஆறு மணி நேரம் பயணம் செய்தால் மலையடிவாரத்து தெங்கே என்ற ஊர் வரும். மாவட்டத் தலைநகரான ருத்தெங்கிலிருந்தும் தெங்கேவுக்கு வரலாம். சரக்கு லாரியின் பின்புறத்தில் மரப்பலகை இருக்கைகளைப் பொருத்தி, மேலே கூரையும் போட்ட ‘ஓட்டோ கோல்’ என்ற வண்டிதான் அந்தப் பக்கத்து மக்களின் பேருந்து; கோழியும் அரிசி மூட்டையும் சிமெண்டும் மனிதர்களும் அதில் ஒன்றாகப் போவார்கள். சாலை முடியும் இடத்திலிருந்து நடைதான். ஓடையைக் கடந்து காட்டுப் பாதையில் இரண்டு முதல் மூன்று மணி நேரம் ஏற வேண்டும். நவம்பரிலிருந்து மார்ச் வரை மழைக்காலம். பாதை வழுக்கும், அட்டைக்கடியும் இருக்கும். முதல் தடவை போகிறவர்கள் உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் போகக் கூடாது. ருத்தெங்கைத் தாண்டினால் பணம் எடுக்கும் இயந்திரத்தையோ தொலைபேசித் தொடர்பையோ நம்ப முடியாது. ஆகவே ரொக்கத்தைச் சிறு தாள்களாக மாற்றி எடுத்துச் செல்லுங்கள்.

ஊர் கண்ணில் படும் இடத்தில் ஒரு சிறு குடில் இருக்கிறது. விருந்தினர் வருகிறார்கள் என்பதை ஊருக்குத் தெரிவிக்க, வழிகாட்டி அங்கே தொங்கும் மூங்கில் தட்டையை அடித்து ஒலி எழுப்புவார். அதன்பின் கீழே இறங்கினால், புல்வெளி முற்றத்தைச் சுற்றி ஏழு வீடுகள் அரைவட்டமாக நிற்கும். ‘ம்பாரு நியாங்’ எனப்படும் இவற்றின் கூம்புக் கூரை தரையைத் தொடும் அளவுக்கு இறங்கியிருக்கும். ஆணி இல்லாமல் பிரம்பால் கட்டப்பட்ட இந்த வீட்டுக்குள் ஐந்து தளங்கள் உண்டு. கீழே மக்கள் வாழ்கிறார்கள். அதற்கு மேலே அன்றாடப் பண்டங்கள், அதற்கும் மேலே விதைகள், அதன் மேல் பஞ்ச காலத்துக்கான இருப்பு, உச்சியில் முன்னோருக்கான படையல். ஒரு சமூகம் எதை எந்த வரிசையில் பாதுகாக்கிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் கட்டடத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. 2008-இல் இங்கு நான்கு வீடுகளே எஞ்சியிருந்தன. யோரி அந்தார் என்ற ஜகார்த்தாக் கட்டடக் கலைஞரின் குழு, ஊர்ப் பெரியவர்களின் நினைவையும் கைத்திறனையும் கொண்டே மற்றவற்றைத் திரும்ப எழுப்ப உதவியது. 2012-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருதுகளில் உயர்ந்த விருது இந்த ஊருக்குக் கிடைத்தது. வெளியிலிருந்து பணமும் உதவியும் வந்தபோதும், வீட்டைக் கட்டியவர்கள் ஊராரே என்பதை முதலீடு செய்ய நினைப்பவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

உள்ளே நுழைந்ததும் படம் எடுக்கத் தொடங்கிவிடாதீர்கள். முதலில் முரசுகள் தொங்கும் தலைமை வீட்டுக்குள் குனிந்து போய், பாயில் உட்கார வேண்டும். பெரியவர் ஒருவர் மங்கராய் மொழியில் முன்னோரிடம் உங்களைப் பற்றிச் சொல்லி, நீங்கள் இங்கிருந்து இறங்கி உங்கள் வீடு சேரும் வரை காக்கும்படி வேண்டுவார். ஒரு சிறு காணிக்கையை வழிகாட்டி மூலமாகக் கொடுப்பது வழக்கம். அந்தச் சில நிமிடங்களுக்குப் பிறகு நீங்கள் வேடிக்கை பார்க்க வந்தவர் அல்லர், வீடு திரும்பிய பிள்ளை என்பது அவர்கள் கணக்கு. முற்றத்தின் நடுவில் கற்களை அடுக்கிக் கட்டிய ‘சொம்பாங்’ என்ற மேடை பலிபீடம். அதன்மீது ஏறுவதோ பையை வைப்பதோ கூடாது. மக்கள் பெரும்பாலும் கத்தோலிக்கர்கள் என்றாலும், முன்னோர் வழிபாட்டையும் தேவாலயத்தையும் ஒன்றுக்கொன்று எதிரானவையாக அவர்கள் பார்ப்பதில்லை.

தங்குவதும் சாப்பிடுவதும் எளிது. விருந்தினருக்கென ஒதுக்கிய வீட்டில் எல்லோரும் வட்டமாகப் பாய் விரித்துப் படுப்பார்கள். இரவில் நன்றாகக் குளிரும். சோறும் கீரையும் முட்டையும் கோழியும் வரும். சைவம் சாப்பிடுகிறவர்கள் ‘சைவம்’ என்று மட்டும் சொன்னால் மீனும் இறால் சாந்தும் வரக்கூடும். ஆகையால் இறைச்சி, மீன், இறால், கோழி எதுவும் வேண்டாம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிடுவது நல்லது. பன்றி இங்கே சடங்கிலும் உறவிலும் முக்கியமானது. ஆகவே நம்மில் இஸ்லாமியர்கள், தெங்கேயிலேயே தங்கள் உணவு முறையைப் பணிவாகச் சொல்லிவிட்டால் எவரும் தவறாக எண்ண மாட்டார்கள். ஆண்களைப் ‘பாப்பாக்’ என்றும் பெண்களை ‘இபூ’ என்றும் அழையுங்கள். வலக்கையால் கொடுங்கள், வாங்குங்கள். கொடுத்த காப்பியைக் குடிக்காமல் எழுந்து வருவது நம் ஊரில் எவ்வளவு குறையோ அங்கும் அவ்வளவு குறை. உடல்நலத்தைப் பொறுத்தவரை ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஃபுளோரஸில் 1997-லிருந்து நாய்வெறி நோய் இருந்துவருகிறது. மலையில் தங்கப் போகிறவர்கள் முன்கூட்டியே தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். நாய் கடித்தால் சோப்பும் தண்ணீரும் கொண்டு கால் மணி நேரம் கழுவிவிட்டு, தாமதிக்காமல் மருத்துவமனைக்கு இறங்க வேண்டும்.

இனி நிலத்துக்கு வருவோம். மங்கராய் மக்களிடம் ‘கெண்டாங் ஓனே, லிங்கோ பேஆங்’ என்றொரு சொலவடை உண்டு. முரசு உள்ளே, நிலம் வெளியே என்பது அதன் பொருள். முரசு இருக்கும் வீடும் அந்த வீட்டாருக்குரிய ‘லிங்கோ’ என்ற பொதுநிலமும் ஒரே பொருளின் இரு பக்கங்கள்; ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்து விற்க முடியாது. ருத்தெங்குக்கு அருகிலுள்ள சஞ்சாரில் குன்றின்மேல் ஏறிப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். வயல்கள் சிலந்தி வலைபோல ஒரு நடுப்புள்ளியிலிருந்து விரிந்து கிடக்கும். அந்த நடுவில் கழி நட்டுச் சடங்கு செய்து, விரல் அகலத்தை அளவாக வைத்து, யாருக்கு எத்தனை விரல் என்று பங்கிடுவார்கள். நடுவில் ஒரு விரலாக இருப்பது வெளி விளிம்பில் அகன்ற வயலாகிவிடும். பங்கிடும் பெரியவருக்குத் ‘துவா தேனோ’ என்று பெயர். ஊர்த் தலைவர் ‘துவா கோலோ’. இவர்கள் அரசுப் பதவியில் இருப்பவர்கள் அல்லர். அரசுக் கணக்கில் வாயே ரெபோ தனிக் கிராமமும் அன்று. சத்தார் லெண்டா என்ற ‘தேசா’வுக்குள், அதாவது அரசு நிர்வாகக் கிராமத்துக்குள், அடங்கியது. தேசாவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் தனியாக இருக்கிறார். ஆகவே எந்த ஏற்பாட்டுக்கும் இரண்டு வாசல்களில் நிற்க வேண்டும். ஒன்றில் மட்டும் கையெழுத்து வாங்கிவந்தவர்களின் திட்டங்கள்தான் இடையில் நின்றுபோகின்றன.

இந்த மலைகளில் நிலம் என்ற பேச்சு ஏன் இவ்வளவு கனமானது என்பதை அறிய, 2004 மார்ச் 10 அன்று ருத்தெங்கில் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். அரசுக் காட்டுக்குள் இருப்பதாகச் சொல்லிக் காப்பிச் செடிகள் வெட்டப்பட்டன, விவசாயிகள் சிலர் பிடித்துவைக்கப்பட்டார்கள். அதை எதிர்த்துச் சோலோல் பகுதியிலிருந்து வந்த மக்கள்மீது காவல் நிலையத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து ஆறு பேர் இறந்தார்கள். அந்த நாளை அவர்கள் இரத்தப் புதன் என்று இன்றும் நினைவுகூர்கிறார்கள். அண்மை ஆண்டுகளில் போச்சோ லேயோக் மலையில் புவிவெப்ப மின்திட்ட விரிவாக்கத்தை எதிர்த்து, முன்னணியில் நிற்பவர்களில் பலர் பெண்கள். ‘வெறும் நிலம் சும்மா கிடக்கிறது’ என்று தரகர் காட்டும் இடம், யாரோ ஒரு தாத்தாவின் விரல் கணக்கில் ஏற்கெனவே பங்காகிவிட்டதாக இருக்கும்.

சட்டமும் இதையே வேறு மொழியில் சொல்கிறது. 1960-ஆம் ஆண்டின் 5-ஆம் எண் வேளாண் அடிப்படைச் சட்டப்படி, ‘ஹாக் மிலிக்’ என்ற முழு உடைமை இந்தோனேசியக் குடிமக்களுக்கே உரியது. வெளிநாட்டவருக்கு நேராகவோ மறைமுகமாகவோ அதை மாற்றிக் கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது, நிலம் அரசைச் சேரும், கொடுத்த பணத்தையும் திரும்பக் கேட்க முடியாது. உள்ளூர்க்காரர் ஒருவர் பெயரில் வாங்கிவைக்கலாம் என்ற யோசனை இந்த இடத்தில்தான் மூழ்குகிறது. நானும் இங்கு வந்த தொடக்க காலத்தில், கடலோர நகரம் ஒன்றில் ஒரு தரகரின் பேச்சை நம்பி முன்பணம் கொடுத்திருக்கிறேன். அவர் காட்டிய ஒப்பந்தத்தில் முத்திரையும் கையெழுத்தும் குறைவில்லாமல் இருந்தன. சட்டம் தெரிந்த பெரியவர் ஒருவர் அதைப் படித்துவிட்டு, ‘இந்தத் தாளைக் கொண்டு நீங்கள் நீதிமன்றத்துக்குப் போனால், முதல் குற்றவாளியாக நிற்பது நீங்கள்தான்’ என்றார். அந்தப் பணம் திரும்பவில்லை. அந்த இழப்பு என் பிழை. அது வேறொருவருக்கு நேரக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

முறையான வழி, வெளிநாட்டு முதல் கொண்ட நிறுவனமாகப் பதிந்துகொள்வது. அதற்கு நிலமும் கட்டடமும் நீங்கலாக மொத்தத் திட்ட முதலீடு 1,000 கோடி ரூப்பியாவுக்கு மேல் இருக்க வேண்டும் என்பது விதி. இவ்வளவு பெரிய தொகையை நூற்றுக்கணக்கான பேர் வாழும் ஒரு மலையூருக்குள் இறக்கினால் அந்த ஊர் தாங்காது; தாங்க வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பதும் நியாயமாகாது. சிறு விடுதி, காப்பிக்கடை போன்றவை உள்ளூர் மக்களின் தொழில்கள். அவற்றை அவர்களுக்கே விட்டுவிடுவதுதான் சட்டத்துக்கும் மனச்சாட்சிக்கும் பொருந்தும்.

அப்படியானால் நம் முதலை எங்கே நடுவது? என் பதில், காப்பியை வாங்குவதில் என்பதே. வாயே ரெபோவில் ஜூன் முதல் ஆகஸ்டு வரை முற்றம் முழுவதும் பாய்களில் காப்பிக் கொட்டை காயும். மேகம் இறங்கினால் பெண்கள் ஓடிவந்து பாயின் நான்கு மூலைகளையும் பிடித்து மடித்து உள்ளே இழுப்பார்கள். வெயில் வந்தால் மறுபடி விரிப்பார்கள். ஒரு நாளில் இது எத்தனை தடவை நடக்கிறது என்று உட்கார்ந்து பார்த்தவருக்கு அந்தக் கொட்டையின் விலையைக் குறைத்துப் பேச வாய் வராது. தரம் பிரிக்காமல் கலந்து விற்கும் கொட்டைக்கு ‘அசாலான்’ என்று பெயர். பழுத்த சிவப்புப் பழத்தை மட்டும் பறிப்பது ‘பெத்திக் மேரா’. இரண்டுக்கும் விலை வேறு, உழைப்பும் வேறு. பள்ளிக் கட்டணமோ சடங்குச் செலவோ நெருங்கும்போது, பயிர் பழுக்கும் முன்பே குறைந்த விலைக்கு அதை அடகுபோல எழுதிக்கொடுக்கும் ‘இஜோன்’ வழக்கம்தான் இந்த விவசாயிகளை நெடுங்காலமாக இளைக்கவைத்திருக்கிறது. நாம் முன்பணம் கொடுத்தால் அது இன்னொரு இஜோன் ஆகிவிடக் கூடாது. விலையை அறுவடை நாளின் சந்தை விலையோடும் தரத்தோடும் கட்டி, அதை ஊர்க்கூட்டத்தில் உரக்கப் படித்துக் காட்டுங்கள்.

ஒப்பந்தத்தைத் தனி மனிதரோடு செய்யாமல் விவசாயிகளின் கூட்டுறவோடோ, 2014-ஆம் ஆண்டுத் தேசாச் சட்டத்தின் கீழ் கிராமமே நடத்தும் ‘பும்தேஸ்’ நிறுவனத்தோடோ செய்யலாம். ஃபுளோரஸில் கடன் கூட்டுறவுச் சங்கங்கள் வலுவாக வேரூன்றியவை. கணக்கு எழுதத் தெரிந்த இளைஞர்களை அங்கே காணலாம். பாய்க்குப் பதிலாக உயர்த்திய உலர்மேடை, ஈரப்பதம் அளக்கும் கருவி, மழைக்கு மறைக்கும் ஒளிபுகும் கூரை ஆகியவற்றுக்கு ஆகும் செலவு பெரிதன்று. அவற்றை ஊர்ச் சொத்தாகவே எழுதிக்கொடுத்துவிட்டு, நல்ல கொட்டையை நல்ல விலைக்கு வாங்கும் உரிமையை மட்டும் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

பயணத் தாள்களைப் பற்றிச் சிறிது. இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் வந்திறங்கும்போது பெறும் விசாவுக்குக் கட்டணம் 5,00,000 ரூப்பியா. முப்பது நாள் செல்லும், ஒரு தடவை மேலும் முப்பது நாள் நீட்டிக்கலாம். மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்கள் முப்பது நாள் விசா இல்லாமலே தங்கலாம். இவற்றில் வந்து ஊர் பார்க்கலாம், பேச்சு நடத்தலாம். வேலை செய்யக் கூடாது. தோட்டத்தில் நின்று ஆள்களை மேற்பார்வை செய்வதும் வேலையாகக் கருதப்படலாம். காலம் கடந்து தங்கினால் நாளொன்றுக்கு 10,00,000 ரூப்பியா தண்டம், அறுபது நாளைத் தாண்டினால் நாடு கடத்தல். எந்தக் கிராமத்தில் இரவு தங்கினாலும் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் அந்தப் பகுதித் தலைவரிடம் உங்கள் வருகையைச் சொல்லிவிட வேண்டும். விருந்தளிக்கும் வீட்டாரே பெரும்பாலும் இதைச் செய்துவிடுவார்கள் என்றாலும், நீங்களும் உடன் போய்க் கடவுச்சீட்டைக் காட்டி இரண்டு வார்த்தை பேசினால் அடுத்த தடவை போகும்போது பெயர் சொல்லி அழைப்பார்கள்.

முதல் பயணத்தை ஜூன் அல்லது ஜூலையில் வைத்துக்கொள்ளுங்கள். பாதை உலர்ந்திருக்கும், காப்பியும் காய்ந்துகொண்டிருக்கும். அப்போது ஒப்பந்தம் எதுவும் பேசாமல், ஐந்து கிலோ கொட்டையை ஊரார் தராசில் நிறுத்து வாங்கி, அங்கேயே பணத்தை எண்ணிக் கொடுங்கள். முடிந்தால் நவம்பரில் ‘பெந்தி’ என்ற புத்தாண்டு நன்றித் திருவிழாவுக்கு மறுபடி ஏறுங்கள். கீழே நகரங்களுக்குப் போன உறவினர்களும் பள்ளிக்காக அடிவாரத்துக் கொம்போவில் தங்கியிருக்கும் பிள்ளைகளும் அன்று மேலே வந்து சேர்வார்கள். ஒப்பந்தத்துக்கு யார் யாருடைய சம்மதம் வேண்டுமோ அவர்கள் அனைவரையும் ஒரே முற்றத்தில் பார்க்கலாம்.