கப்பல் வான்கூவர்ல இறக்கி விட்டாச்சு, சியாட்டிலுக்கு எப்படி வந்து சேர்றது?

அலாஸ்கா க்ரூஸ் புக் பண்றப்போ பால்கனி ரூமா ஜன்னல் இல்லாத ரூமான்னு ஒரு மாசம் மண்டைய உடைச்சுப்போம், ஆனா கடைசி நாள் கப்பல விட்டு இறங்கி வீட்டுக்கு எப்படி போறதுன்னு அஞ்சு நிமிஷம் கூட யோசிக்க மாட்டோம். நானும் அப்படித்தான் இருந்தேன், அப்பா அம்மாவ கூட்டிட்டு போய் பட்டுட்டு வந்தப்புறம்தான் இத எழுதறேன்.

முதல்ல ஒரு விஷயம், பல பேர் கேக்கறது. அலாஸ்கால இருக்கற சீவார்ட்லயோ விட்டியர்லயோ ஏறினா கப்பல் ஏன் நேரா சியாட்டில்ல கொண்டு வந்து விடாம கனடால விடுதுன்னு. 1886ல போட்ட ஒரு அமெரிக்க சட்டம் இருக்கு, வெளிநாட்டுக் கொடி பறக்குற கப்பல் ஒரு அமெரிக்க துறைமுகத்துல ஆள ஏத்தி இன்னொரு அமெரிக்க துறைமுகத்துல இறக்கி விடக்கூடாது. பெரிய க்ரூஸ் கப்பல் கிட்டத்தட்ட எல்லாமே வெளிநாட்டுக் கொடிதான். அதனால ஒன்வே க்ரூஸ்னா ஒரு முனை வான்கூவர்தான், அங்கேர்ந்து சியாட்டில் வர்றது உங்க பொறுப்பு.

தூரம் கம்மிதான், சுமார் 230 கிலோமீட்டர். மேப்ல பாத்தா ரெண்டரை மூணு மணி நேரம் காட்டும், அத நம்பி அன்னிக்கு மத்தியானமே சியாட்டில் ஏர்போர்ட்லேர்ந்து ஃப்ளைட் போட்டீங்கன்னா முடிஞ்சுது கதை. நீங்க நிக்கப் போறது நாலு லைன்: கப்பல விட்டு இறங்க ஒண்ணு, கனடா இமிக்ரேஷன்ல ஒண்ணு, அமெரிக்க பார்டர்ல ஒண்ணு, அப்புறம் சியாட்டிலுக்கு வடக்க இருக்கற எவரெட்லேர்ந்து சியாட்டில் வரைக்கும் ஐ-5 ஹைவே ட்ராஃபிக்னு ஒண்ணு. கப்பல் காலைல ஏழு மணிக்கு வந்து நிக்கும்னு போட்டிருந்தாலும் உங்க நம்பர கூப்பிட்டு இறங்கி பெட்டிய தேடி எடுத்து வெளிய ரோட்டுக்கு வர ஒம்பதரை பத்து ஆயிடலாம், அதுவும் கப்பல் வந்து நிக்கற கனடா ப்ளேஸ்ல அன்னிக்கு ரெண்டு மூணு கப்பல் சேர்ந்து நின்னுச்சுன்னா கேக்கவே வேணாம். அதனால என் கணக்கு என்னன்னா, சியாட்டில்லேர்ந்து ஃப்ளைட்னா ராத்திரி ஒம்பது மணிக்கு மேல, அதுவும் பயந்துகிட்டே. அடுத்த நாள்னா நிம்மதி.

இப்ப பேப்பர் விஷயம், இதுதான் ரொம்ப முக்கியம், நம்ம ஊர் பாஸ்போர்ட் வச்சிருக்கவங்க நிதானமா படிங்க. வான்கூவர்ல இறங்கறீங்கன்னா கனடாவுக்குள்ள நுழையறீங்கன்னு அர்த்தம், நாலு மணி நேரம்தான் இருக்கப் போறோம்ங்கறது எல்லாம் செல்லாது. இந்திய பாஸ்போர்ட்னா கனடா விசிட்டர் விசா வேணும், அமெரிக்க விசா இருக்கேன்னு நினைக்காதீங்க. க்ரீன் கார்டு இருந்தா விசா வேணாம், பாஸ்போர்ட்டும் க்ரீன் கார்டும் ரெண்டும் கைல இருந்தா போதும். அப்பா அம்மா பி1/பி2 விசிட்டர் விசால வந்திருந்தா திரும்ப அமெரிக்காவுக்குள்ள வரணும்ல, அந்த விசால மல்டிபிள் என்ட்ரின்னு இருக்கான்னு ஒரு தடவ கண்ணால பாத்துக்கோங்க.

எச்1பி வேலை விசால இருக்கீங்க, விசா ஸ்டாம்ப் முடிஞ்சு போச்சு ஆனா ஐ-94 (அமெரிக்கால எந்த தேதி வரைக்கும் இருக்கலாம்னு போட்ட பதிவு) இன்னும் இருக்குன்னா ஒரு வழி இருக்கு, ஆட்டோமேட்டிக் ரீவேலிடேஷன்னு சொல்லுவாங்க, கனடால முப்பது நாளுக்குள்ள இருந்துட்டு திரும்பினா பழைய ஐ-94 வச்சே உள்ள வரலாம். ஆனா அங்க போன இடத்துல புது விசாவுக்கு அப்ளை பண்ணிட்டீங்கன்னா இந்த சலுகை போச்சு. ஐ-94 பேப்பர ப்ரிண்ட் எடுத்து வச்சுக்கோங்க, அந்த நேரம் பாத்து போன்ல சிக்னல் இருக்காது.

புது ஐ-94 வேணும்னா தரை வழில வர்றப்போ அதுக்கு ஃபீஸ் உண்டு. முன்ன 6 டாலர் இருந்தது, 2025 செப்டம்பர் கடைசிலேர்ந்து 30 டாலர் ஆயிடுச்சு, ஆளுக்கு. ஆன்லைன்ல முன்னாடியே அப்ளை பண்ணி கட்டிட்டு போயிடுங்க. முன்னாடி கட்டலன்னா உள்ள கூப்பிட்டு உக்கார வச்சு கைரேகை எடுத்து கார்டு தேய்ச்சுன்னு நேரம் ஓடும். கட்டினாலும் உள்ள போகத்தான் வேணும், கொஞ்சம் சீக்கிரம் விடுவாங்க அவ்ளோதான்.

இந்த நேரம் ஓடறது ஏன் முக்கியம்னா, பஸ். கனடா ப்ளேஸ் பக்கத்துலேர்ந்தும், வான்கூவரோட ட்ரெயின், பஸ் நிலையமான பசிபிக் சென்ட்ரல் ஸ்டேஷன்லேர்ந்தும் சியாட்டிலுக்கு பஸ் இருக்கு, விலையும் கம்மி, அதனால எல்லாரும் முதல்ல பஸ்தான் பாப்போம். பார்டர்ல என்ன நடக்கும்னா எல்லாரும் இறங்கணும், அவங்கவங்க பெட்டிய அவங்கவங்க இழுத்துட்டு உள்ள லைன்ல நிக்கணும், திரும்ப கொண்டு வந்து ஏத்தணும். கப்பல்ல போன குடும்பம்னா ஆளுக்கு ரெண்டு பெரிய பெட்டி இருக்கும், எழுபது வயசு அப்பா அத இழுக்கறத பாக்கறப்போதான் நமக்கு உறைக்கும். பஸ்ஸு மொத்தமும் கடைசி ஆள் வெளிய வர்ற வரைக்கும் காத்துட்டு நிக்கும், அந்த கடைசி ஆள் நாமளா இருந்தா? எங்களுக்கு அதான் ஆச்சு. அப்பா அம்மாவ மட்டும் தனியா உக்கார வச்சுட்டாங்க, முக்கால் மணி நேரம், ட்ரைவர் ரெண்டு தடவ உள்ள வந்து வாட்ச்ச பாத்துட்டு போனாரு, பஸ்ல ஏறினப்போ நாப்பது ஜோடி கண்ணு எங்க மேல. அவர் விட்டுட்டு போயிருந்தா கூட நான் ஒண்ணும் சொல்லிருக்க முடியாது, ஏன்னா ரொம்ப லேட்டானா காத்திருக்க மாட்டோம்னு டிக்கெட் கண்டிஷன்லயே இருந்தது, நான்தான் படிக்கல. அதனால புக் பண்றதுக்கு முன்னாடி அந்த ஒரு வரிய தேடிப் படிங்க, அப்படி விட்டுட்டு போனா அடுத்த பஸ்ல இதே டிக்கெட் செல்லுமான்னும் பாருங்க.

ட்ரெயின் எனக்கு ரொம்ப புடிச்சது. ஆம்ட்ராக் கேஸ்கேட்ஸ், பசிபிக் சென்ட்ரல்லேர்ந்து சியாட்டில் கிங் ஸ்ட்ரீட் ஸ்டேஷனுக்கு நாலு நாலரை மணி நேரம். கனடா ப்ளேஸ் பக்கத்துலயே வாட்டர்ஃப்ரன்ட் ஸ்டேஷன், அங்க எக்ஸ்போ லைன் ஸ்கைட்ரெயின் ஏறி மெயின் ஸ்ட்ரீட்ல இறங்கினா எதுக்கவே பசிபிக் சென்ட்ரல். அமெரிக்க இமிக்ரேஷன் வான்கூவர் ஸ்டேஷன்லயே ட்ரெயின் ஏறறதுக்கு முன்னாடி முடிஞ்சுடும், அப்புறம் பார்டர் தாண்டினதும் ப்ளெய்ன் (Blaine)ங்கற ஊர்ல வண்டி நிக்கும், ஆபீசர்ங்க உள்ள ஏறி வருவாங்க, நாம சீட்ட விட்டு எழுந்திருக்க வேணாம், பெட்டி இழுக்கற வேலை இல்ல. வயசானவங்க கூட வர்றாங்கன்னா யோசிக்காம இதுதான். சிக்கல் என்னன்னா காலை ட்ரெயின் ஏழு மணிக்கு முன்னாடியே கிளம்பிடும், கப்பல்லேர்ந்து இறங்கி அத புடிக்கவே முடியாது, அப்புறம் சாயந்திரம் அஞ்சரை ஆறு வாக்குலதான். நடுவுல மத்தியானம் முழுக்க பெட்டியோட என்ன பண்றதுன்னு ஒரு ஏற்பாடு வேணும். ஸ்டேஷனுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேலயே முன்னாடி போயிடுங்க, சீட் குடுக்கறப்போ வலது பக்கம் கேளுங்க, வொயிட் ராக் தாண்டி கடல ஒட்டியே போகும், கோடைல சூரியன் ஒம்பது மணி வரைக்கும் இருக்கும். ட்ரெயின் கிங் ஸ்ட்ரீட் வந்து சேர ராத்திரி பத்தாயிடும், அன்னிக்கு ராத்திரி ஃப்ளைட் எதுவும் போடாதீங்க.

ரெண்டு குடும்பம் சேர்ந்து போறீங்கன்னா ப்ரைவேட் வேன் நல்ல சாய்ஸ், நேரா கப்பல் வாசல்ல வந்து ஏத்திக்கும், இமிக்ரேஷன்ல லேட்டானாலும் நமக்காக நிக்கும். பேசறப்போவே காத்திருக்கற நேரத்துக்கு எக்ஸ்ட்ரா எவ்ளோ, சொன்ன ரேட் கனடா டாலரா அமெரிக்க டாலரான்னு எழுத்துல வாங்கிடுங்க. வாடகைக் கார் எடுத்து வான்கூவர்ல ஆரம்பிச்சு சியாட்டில்ல விடறதுன்னா பார்டர் தாண்டி விடறதுக்கு தனியா ஒரு சார்ஜ் போடுவாங்க, சில சமயம் கார் வாடகைய விட அதுதான் அதிகம். அத மொத்தமா கூட்டிப் பாக்காம சந்தோஷப்படாதீங்க.

கார்ல வர்றவங்களுக்கு: ஹைவே 99ல தெற்க வந்தா ஜார்ஜ் மாஸி டன்னல்ல ஒரு நெரிசல் உண்டு, அத தாண்டினா பீஸ் ஆர்ச் பார்டர் க்ராசிங். அங்க லைன் நீளமா இருந்தா பக்கத்துலயே பசிபிக் ஹைவே க்ராசிங், இன்னும் கிழக்க போனா ஆல்டர்க்ரோவ், அதுக்கப்புறம் அபாட்ஸ்ஃபோர்ட். ஆல்டர்க்ரோவ் மட்டும் 24 மணி நேரமும் தொறந்திருக்காது. எதுல எவ்ளோ லைன்னு ரோட்டு மேல போர்ட்லயே போடுவாங்க, ஆன்லைன்லயும் வரும். பாயின்ட் ராபர்ட்ஸ்னு ஒரு க்ராசிங் மேப்ல காலியா தெரியும், ஆசைப்பட்டு போயிடாதீங்க, அது அமெரிக்காதான் ஆனா மூணு பக்கம் தண்ணி, அங்கேர்ந்து சியாட்டிலுக்கு ரோடு கிடையாது, திரும்ப கனடாவுக்குள்ளதான் வரணும். நெக்ஸஸ் (முன்னாடியே செக் பண்ணி குடுக்கற பார்டர் கார்டு) லேன்ல போகணும்னா கார்ல இருக்கற ஒவ்வொருத்தர்கிட்டயும் நெக்ஸஸ் இருக்கணும், உங்க ஒருத்தர்கிட்ட மட்டும் இருந்தா பத்தாது.

தேதி பாக்கறப்போ ஜூலை 1, ஜூலை 4, ஆகஸ்ட் முதல் திங்கள், செப்டம்பர் முதல் திங்கள், இது ஒட்டின வீக்கெண்ட்ல கப்பல் முடியுதுன்னா எல்லா கணக்குலயும் இன்னும் ரெண்டு மணி நேரம் சேர்த்துக்கோங்க.

உங்க வீடு சியாட்டிலே இல்ல, டல்லாஸோ நியூ ஜெர்சியோன்னா சியாட்டில் வர்றதே எதுக்குன்னு யோசிங்க. வாட்டர்ஃப்ரன்ட்லேர்ந்து கனடா லைன்ல 25 நிமிஷத்துல வான்கூவர் ஏர்போர்ட். அமெரிக்க இமிக்ரேஷன் அங்கேயே முடிச்சுடுவாங்க, போய் இறங்கறப்போ உள்ளூர் ஃப்ளைட்ல வந்த மாதிரி பெட்டிய எடுத்துட்டு போய்கிட்டே இருக்கலாம். டிக்கெட் கொஞ்சம் கூட இருக்கும், ஆனா பஸ், ஹோட்டல், ஒரு நாள் லீவு எல்லாம் கூட்டினா பல சமயம் சமம்தான். ஃப்ளைட்ட மத்தியானம் ஒரு மணிக்கு மேல போடுங்க.

கடைசி ராத்திரி கப்பல்ல பெரிய பெட்டிய ரூம் வாசல்ல வைக்கச் சொல்லுவாங்க, அதுக்குள்ள பாஸ்போர்ட், மருந்து, ஐ-94 ப்ரிண்ட் எதுவும் போயிடக் கூடாது, எல்லாம் கைப்பைல. அதே கைப்பைல பஃபேல எடுத்த பழம் இருக்கான்னும் பாருங்க. எங்கம்மா பசிக்குமேன்னு ரெண்டு ஆரஞ்சு சுத்தி வச்சிருந்தாங்க, இருக்குன்னு முதல்லயே சொன்னதால வாங்கி குப்பைல போட்டதோட விட்டாங்க, மறைச்சிருந்தா அபராதம். கஞ்சா கலந்த மிட்டாய் கனடாலயும் சட்டப்படி சரி, வாஷிங்டன் மாநிலத்துலயும் சரி, ஆனா பார்டர் தாண்டி கொண்டு வர்றது தப்பு, விசால இருக்கறவங்க அது பக்கமே போகாதீங்க. அப்பா அம்மாவுக்கு இங்கிலீஷ் தகராறுன்னா, எங்க போனீங்க, எப்ப ஊருக்கு திரும்பறீங்க, யார் வீட்ல தங்கறீங்க, இந்த மூணு கேள்விக்கும் பதில பஸ்லயே ஒரு தடவ சொல்ல வச்சு பாத்துடுங்க, ரிட்டர்ன் டிக்கெட் ப்ரிண்ட்டும் அவங்க கைலயே இருக்கட்டும், உங்க போன்ல இல்ல. தனியா கூப்பிட்டு உக்கார வச்சா நீங்க பக்கத்துல நிக்க விடுவாங்கன்னு சொல்ல முடியாது.