படம் உள்ள பதிப்பா என்று பார்த்து வாங்குங்கள்

வளர்ந்த பிள்ளைகளுக்கு பேட்ரிக் நெஸ் எழுதிய ‘எ மான்ஸ்டர் கால்ஸ்’ நாவலை வாங்குவதாக இருந்தால், ஜிம் கே வரைந்த படங்கள் உள்ள பதிப்புதானா என்று முதலில் பாருங்கள். எழுத்துக்கு கார்னகி, படங்களுக்கு கேட் கிரீனவே என்று பிரிட்டனின் சிறார் நூல் பதக்கங்கள் இரண்டையும் 2012இல் வாங்கிய புத்தகம் இது. படங்கள் எல்லாம் கறுப்பு வெள்ளைதான். வண்டு முதல் ரொட்டி வெட்டும் பலகை வரை எதையெதையோ வைத்து அவற்றின் சொரசொரப்பைக் கொண்டுவந்தாராம் ஜிம் கே! கதையில் யூ என்ற ஊசியிலை மரம் பூதமாக எழுந்து வரும்போது இருட்டு அப்படியே எழுத்துப் பக்கத்துக்குள்ளும் படர்கிறது.

மொபைலில் படித்தால் இரு பக்கமாக விரியும் படம் துண்டாகிவிடும்; அச்சுப் புத்தகமே நல்லது. அப்புறம், படங்களை முன்கூட்டியே புரட்டிப் பார்த்துவிட வேண்டாம். கதையோடு சேர்ந்து வரும்போதுதான் அவை மிரட்டும்.