மீன்தொட்டிக்கு வீட்டிலேயே நிலா விளக்கு: மூன்று எல்இடி போதும்

பெரிய லைட்டை அணைத்த பிறகுதான் தொட்டியில் பாதிக் கதை ஆரம்பிக்கும். பகல் முழுக்க மரத்துண்டுக்கு அடியில் பதுங்கிக் கிடக்கும் கெளுத்தி வகைகள், லோச் மீன்கள், இறால், நத்தை எல்லாம் இருட்டிய பிறகுதான் இரை தேடி வெளியே வரும். முழு இருட்டில் நமக்கு ஒன்றும் தெரியாது, டார்ச் அடித்தால் எல்லாம் ஓடி ஒளிந்துகொள்ளும். மங்கலான நீல வெளிச்சம் இருந்தால் அவை பாட்டுக்கு அவை வேலையைப் பார்க்கும், நாம் பாட்டுக்குப் பார்த்துக்கொண்டிருக்கலாம். சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்தால் ஒரு சாயங்காலத்தில் முடிகிற வேலை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: எண்ணிக்கையைக் கூட்டாதீர்கள். பன்னிரண்டு, இருபது என்று எல்இடியை வரிசையாகப் பதித்துத் தொட்டியை நீலமாக்கிவிடுகிறார்கள், அது நிலா இல்லை, டிஸ்கோ. தலைக்கு மேல் பௌர்ணமி நிலா இருக்கும்போதே தரையில் விழும் வெளிச்சம் சுமார் 0.1 முதல் 0.3 லக்ஸ்தான் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு), உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸைத் தொடும். அவ்வளவு மங்கல். இன்னொரு காரணமும் இருக்கிறது. ஒரே புள்ளியிலிருந்து ஒளி வந்தால்தான் நீர்ப்பரப்பின் அலைகள் தரை மணலில் நெளிந்து ஓடும் கோடுகளாக விழும், புள்ளிகள் கூடக் கூட அந்தக் கோடுகள் ஒன்றை ஒன்று அழித்துக்கொண்டு வெறும் நீலப் பூச்சுதான் மிஞ்சும். இரண்டு மூன்று அடி நீளத் தொட்டிக்கு மூன்று எல்இடி தாராளம். நாலு அடிக்கு மேல் என்றால் இன்னொரு மூன்று சேர்க்கலாம், அதற்கு மேல் வேண்டாம்.

வேண்டிய சாமான் கொஞ்சம்தான். 5 மில்லிமீட்டர் நீல எல்இடி மூன்று (அலைநீளம் 460, 470 நானோமீட்டர் பக்கம் இருப்பவை), 12 வோல்ட் டிசி அடாப்டர், 150 ஓம் கால் வாட் ரெசிஸ்டர், 5 கிலோஓம் பொட்டென்ஷியோமீட்டர் (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு), மெல்லிய இரட்டை ஒயர், ஹீட் ஷ்ரிங்க் டியூப் (சூடு காட்டினால் சுருங்கி இணைப்பை மூடிக்கொள்ளும் குழாய்), சிலிகான், ஒரு பிளாஸ்டிக் பட்டை. சுவரில் ஒயர் ஓட்டப் பயன்படுத்தும் பிவிசி கேசிங் இருக்கிறதே, அதில் ஒரு துண்டு வெட்டிக்கொண்டால் அருமையாகப் பொருந்தும். மூடியும் சேர்ந்தே வரும். கையில் மல்டிமீட்டர் ஒன்று இருக்கட்டும்.

நிறத்தைப் பற்றி ஒரு சின்ன விஷயம். நிலா வெளிச்சம் உண்மையில் நீலம் இல்லை, சூரிய ஒளி நிலாவில் பட்டுத் திரும்பி வருவதுதான், சொல்லப்போனால் கொஞ்சம் சிவப்புப் பக்கம் சாய்ந்தது. மங்கலில் நம் கண் நீலப்பச்சைப் பக்கம் கூர்மையாகிவிடுவதால் நமக்கு அப்படித் தெரிகிறது. ஆகவே மூன்றும் நீலமாகத்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. இரண்டு நீலம், நடுவில் ஒரு கூல் ஒயிட் போட்டுப் பாருங்கள், மீனின் நிறம் கொஞ்சம் இயல்பாகத் தெரியும். நன்னீர்த் தொட்டிக்கு நான் இதைத்தான் பரிந்துரைப்பேன். வெள்ளை எல்இடிக்கும் நீலத்துக்கும் வேண்டிய வோல்டேஜ் ஏறக்குறைய ஒன்றேதான், கணக்கு மாறாது. சிவப்பு போட்டால் மாறும், அது 2 வோல்ட் பக்கம்தான் எடுக்கும்.

கணக்கு இதுதான். ஒரு நீல எல்இடி எரியும்போது அதன் குறுக்கே 3.0 முதல் 3.4 வோல்ட் வரை இருக்கும், சராசரியாக 3.2 என்று வையுங்கள். மூன்றைத் தொடராக, அதாவது ஒன்றின் வாலில் அடுத்ததன் தலை என்று இணைத்தால் 9.6 வோல்ட். 12-இல் அதைக் கழித்தால் மிச்சம் 2.4. அந்த 2.4 வோல்ட்டை 150 ஓமால் வகுத்தால் 0.016 ஆம்பியர், அதாவது 16 மில்லிஆம்பியர். இந்த வகை எல்இடி 20 வரை தாங்கும், அதனால் கவலை இல்லை. ரெசிஸ்டர் இல்லாமல் நேராக இணைத்துப் பார்க்கும் ஆசை வேண்டாம். எல்இடி தானாக மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தாது, வோல்டேஜ் கொஞ்சம் ஏறினாலே ஓட்டம் மளமளவென்று ஏறிக் கருகிவிடும்.

இங்கேதான் அடாப்டர் பிரச்சினை வரும். கையில் தூக்கினால் கனமாக இருக்கும் பழைய டிரான்ஸ்ஃபார்மர் வகை அடாப்டர்களில் 12 வோல்ட் என்று அச்சடித்திருந்தாலும், இவ்வளவு சின்ன லோடுக்கு 15, 16 வோல்ட் வரை கொடுக்கும். நம் 150 ஓமுக்கு அது 40 மில்லிஆம்பியரைத் தொட்டுவிடும், எல்இடி நாலு நாளில் போய்ச் சேரும். லேசாக இருக்கும் ஸ்விட்சிங் வகையை எடுங்கள், அது சொன்ன வோல்டேஜிலேயே நிற்கும். எதுவானாலும் இணைக்கும் முன் மல்டிமீட்டரில் அளந்துவிடுங்கள், முனையில் எது பிளஸ், எது மைனஸ் என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

சரி, இணைப்பு. எல்இடியின் நீளமான கால் பிளஸ், உடம்பின் ஓரம் தட்டையாக இருக்கும் பக்கம் மைனஸ். 3 வோல்ட் பட்டன் பேட்டரியின் இரண்டு பக்கமும் கால்கள் படும்படி இடுக்கினால் எல்இடி லேசாக எரியும், எது நல்லது எது செத்தது என்று சால்டர் வைக்கும் முன்பே பார்த்துவிடலாம். பிவிசி பட்டையில் 5 மில்லிமீட்டர் துளை மூன்று போடுங்கள், சம இடைவெளியில்தான் இருக்க வேண்டும் என்றில்லை, பாறைக்கு நேர் மேலே ஒன்று, திறந்த மணலுக்கு மேலே ஒன்று என்று தொட்டியின் அமைப்பைப் பார்த்துப் போட்டால் இன்னும் நன்றாக இருக்கும். எல்இடியைத் துளையில் பொருத்தி, அடாப்டரின் பிளஸ், பொட்டென்ஷியோமீட்டர், ரெசிஸ்டர், எல்இடி மூன்று, அடாப்டரின் மைனஸ் என்று ஒரே சங்கிலியாகச் சால்டர் வையுங்கள். ஒயரை இணைக்கும் முன்பே ஹீட் ஷ்ரிங்கை உள்ளே நுழைத்துவிட வேண்டும். காலில் அயர்னை இரண்டு மூன்று வினாடிக்கு மேல் வைக்காதீர்கள், சூடு உள்ளே ஏறினால் எல்இடி கெட்டுவிடும்.

பொட்டென்ஷியோமீட்டரில் நடுக்கால், ஓரக்கால் ஒன்று, இந்த இரண்டை மட்டும் பயன்படுத்தினால் போதும். முழுக்கத் திருகினால் ஓட்டம் ஒரு மில்லிஆம்பியருக்கும் கீழே போய்விடும், அப்போதும் எல்இடி மினுங்கும். பெரும்பாலும் அந்தக் கோடிக்குப் பக்கத்தில்தான் நீங்கள் நிறுத்துவீர்கள் என்று நினைக்கிறேன்.

சீல் செய்யும் முன் பொட்டென்ஷியோமீட்டரை முழுப் பிரகாசத்தில் வைத்து, ரெசிஸ்டரின் இரண்டு முனைக்கும் இடையே வோல்டேஜ் அளந்து பாருங்கள். 2.4 பக்கம் இருந்தால் கணக்கு சரி. 3 வோல்ட்டைத் தாண்டினால் ஓட்டம் 20 மில்லிஆம்பியரைத் தாண்டுகிறது என்று அர்த்தம், ரெசிஸ்டரை 220-ஆக மாற்றுங்கள். இணைப்பு எதையும் பிரிக்காமல் ஓட்டத்தைத் தெரிந்துகொள்ள இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

இந்த வகை எல்இடி பலவற்றில் ஒளி 15, 30 டிகிரிக்குள் குவிந்து டார்ச் மாதிரி அடிக்கும். கீழே வட்டம் வட்டமாக விழுந்தால் எல்இடியின் தலையை நைஸ் உப்புத்தாளில் தேய்த்து மங்கலாக்குங்கள், ஒளி பரவும். நெளியும் கோடுகள்தான் வேண்டுமென்றால் தேய்க்காதீர்கள், பட்டையைக் கொஞ்சம் உயர்த்தி வையுங்கள்.

அப்புறம் தண்ணீர். பட்டை தொட்டிக்குள் விழாது என்று நம்பாதீர்கள், விழும் என்று வைத்துக்கொண்டே சீல் செய்யுங்கள். கேசிங்கின் உள்பக்கம் எல்லா இணைப்பையும் சிலிகானால் மூடி, மூடியைப் போட்டு, இரண்டு முனையையும் அடைத்துவிடுங்கள். வினிகர் வாடை அடிக்கும் சிலிகான் காயும்போது அசெட்டிக் அமிலம் விடும், செம்பு ஒயரைப் பச்சை பிடிக்க வைக்கும், அதனால் வாடை இல்லாத நியூட்ரல் வகை வாங்குங்கள். ஒரு நாள் முழுக்கக் காயட்டும். உப்புநீர்த் தொட்டி என்றால் இந்த வேலையில் கஞ்சத்தனம் கூடாது, உப்பு எந்தச் சின்ன இடுக்கிலும் ஏறிவிடும்.

12 வோல்ட்டால் நமக்கோ மீனுக்கோ பெரிய ஆபத்து இல்லை, ஆபத்து அடாப்டரில் இருக்கிறது. அதைத் தொட்டிக்கு மேலேயோ மூடிக்குள்ளேயோ வைக்கவே வைக்காதீர்கள். தள்ளியிருக்கும் சாக்கெட்டில் செருகி, ஒயரை சாக்கெட்டுக்குக் கீழே தொங்கலாக ஒரு வளைவு விட்டு மேலே கொண்டுபோங்கள். ஒயர் வழியாக வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். தொட்டிக்குள் கை விடும்போது எல்லா பிளக்கும் வெளியே இருக்கட்டும்.

எவ்வளவு நேரம் எரியலாம் என்பதில் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். என் கட்சி: பெரிய லைட் அணைந்த பின் இரண்டு மூன்று மணி நேரம், அதற்குப் பிறகு முழு இருட்டு. இருட்டில்தான் மீனின் உடம்பில் மெலடோனின் சுரக்கும், இரவு முழுக்க வெளிச்சம் விட்டால் அதில் கை வைக்கிறோம். சாதாரண டைமர் ஒன்றில் அடாப்டரைச் செருகினால் வேலை முடிந்தது, பெரிய லைட் அணைவதற்கு அரை மணி முன்பே இதை எரியவிட்டால் மீன்கள் திடீர் இருட்டில் திடுக்கிட்டு முட்டிக்கொள்ளாது. பவளம் வளர்ப்பவர்களுக்கு மட்டும் ஒரு கூடுதல் வேலை உண்டு. பல பவளங்கள் முட்டை விடும் இரவை நிலாவின் சுழற்சியை வைத்துத்தான் தீர்மானிக்கின்றன, அதனால் 29.5 நாள் சுற்றுக்கு ஏற்றபடி பொட்டென்ஷியோமீட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, அமாவாசைக்கு அணைத்தே வைக்கலாம். சாதாரண மீன் வளர்ப்பவருக்கு இந்த வம்பு எதற்கு?

தொடர் இணைப்பு என்பதால் ஒரு எல்இடி போனாலும் பெரும்பாலும் மூன்றும் அணைந்துவிடும். அடாப்டரைக் கழற்றிவிட்டு, அதே பட்டன் பேட்டரியை ஒவ்வொரு எல்இடியின் காலிலும் வைத்துப் பார்த்தால் எரியாதது எது என்று தெரிந்துவிடும். அந்த ஒன்றை மட்டும் வெட்டி எடுத்து மாற்றினால் போதும். இதற்காகவே முழுவதையும் எபாக்ஸியில் வார்த்துவிடாமல் சிலிகான் போடச் சொன்னேன், பிளேடால் கீறி உரித்துவிடலாம்.