ஃப்ரீபிஎஸ்டி மூல நிரலைப் புதுப்பிக்கிறீர்களா? முதலில் 'அப்டேட்டிங்' கோப்பைப் படியுங்கள்

ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தை மூல நிரலிலிருந்து தாங்களே கம்பைல் செய்பவர்களுக்கு (அதாவது, இயங்கும் நிரலாக மாற்றுபவர்களுக்கு) ஒரு குறிப்பு. பழைய வழிகாட்டிகளில் மூல நிரலை இறக்க 'சப்வெர்ஷன்' என்ற பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியின் கட்டளைகள்தான் இருக்கும். அவற்றை விட்டுவிடுங்கள், 2020 டிசம்பரிலேயே மூல நிரல் 'கிட்' என்ற இன்னொரு கருவிக்கு மாறிவிட்டது. அன்றாட வேலைக்கான கணினி என்றால் வெளியான பதிப்புக்கான 'ரெலெங்' கிளையே போதும். பாதுகாப்புத் திருத்தங்களும் முக்கியமான பிழைத் திருத்தங்களும் மட்டுமே அதில் வரும்.

ஒருமுறை மூல நிரலை முழுதாக நகலெடுத்து இறக்கிவிட்டால் (குளோன்), அடுத்த முறை 'கிட் புல்' கொடுத்தால் மாற்றங்கள் மட்டும் இறங்கும். கூடவே 'எஃப்எஃப் ஒன்லி' என்ற விருப்பத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் நகலில் தவறுதலாக ஏதாவது மாற்றத்தைப் பதிவு (கமிட்) செய்திருந்தால், தேவையில்லாத இணைப்பு (மெர்ஜ்) உருவாகாமல் அங்கேயே நின்றுவிடும்.

சரி, இறக்கியாயிற்று. உடனே கம்பைல் செய்யாதீர்கள்! மூல நிரல் அடைவிலேயே, புதுப்பிக்கும்போது கவனிக்க வேண்டியவற்றைச் சொல்லும் 'அப்டேட்டிங்' என்றொரு கோப்பு இருக்கும். புதிய குறிப்புகள் மேலே இருக்கும்; கடைசியாக நீங்கள் கம்பைல் செய்த தேதி வரை படித்தால் போதும். ஐந்து நிமிட வேலை, ஆனால் ஒரு நாள் தலைவலியை மிச்சப்படுத்தும்.

வரிசையையும் மாற்றாதீர்கள். பில்டுவேர்ல்டு (கெர்னல் தவிர்த்த அடிப்படை நிரல்களைக் கம்பைல் செய்வது), பில்டுகெர்னல் (இயங்குதளத்தின் மையமான கெர்னலைக் கம்பைல் செய்வது), இன்ஸ்டால்கெர்னல் (அந்தக் கெர்னலை நிறுவுவது), ஒரு ரீபூட், அதன் பிறகுதான் இன்ஸ்டால்வேர்ல்டு (மற்ற நிரல்களை நிறுவுவது). புதிய கெர்னலில் பழைய நிரல்கள் பொதுவாக ஓடிவிடும். பழைய கெர்னலில் புதிய நிரல்கள் ஓடும் என்று நம்ப முடியாது, அவை கேட்கும் கெர்னல் சேவை (சிஸ்டம் கால்) அதில் இல்லாமல் போகலாம். கடைசியில் 'இடிசி அப்டேட்' கட்டளையை ஓட்டி அமைப்புக் கோப்புகளையும் சரிசெய்து, இன்னொரு முறை ரீபூட் செய்துவிடுங்கள்.