பிடிபட்ட கேவி-1: கட்சி மாறிய டாங்கியை மாடலாகச் செய்வது எப்படி

கேவி-1 என்பது இரண்டாம் உலகப்போரில் ரஷ்யா ஓட்டிய கனரக டாங்கி. அதன் 1/35 அளவு (அசலில் 35-ல் ஒரு பங்கு) பிளாஸ்டிக் மாடல் கிட் வாங்கி, ரஷ்யப் பச்சை அடித்து அலமாரியில் வைப்பதை எல்லாரும் செய்துவிட்டார்கள். ஜெர்மன்காரன் பிடித்து ஓட்டிய கேவி-1 செய்து பாருங்கள், அதில்தான் வேலை இருக்கிறது. 1941-ல் ரஷ்யாவுக்குள் போன ஜெர்மன் படையின் சின்ன பீரங்கிகளுக்கு, 75 மி.மீ. கவசத்தோடு 45 டன் கனத்தில் வந்த இந்த வண்டி அசையவே இல்லை. அப்படிப்பட்டது கைக்குக் கிடைத்தால் விடுவார்களா? 753(ஆர்) என்று நம்பர் போட்டுத் தங்கள் பட்டியலில் சேர்த்துக்கொண்டார்கள். 'ஆர்' என்றால் ரஷ்ய வண்டி.

ஜெர்மன் சாம்பல் அடித்த வண்டிகளும் உண்டு, ஆனால் என் ஓட்டு பழைய பச்சைக்குத்தான். அதன் மேல் ஜெர்மன் படையின் அடையாளமான சிலுவையைப் பெரிசாகவே போடுங்கள். தூரத்தில் கேவி உருவத்தைப் பார்த்ததும் சொந்த ஆளே சுட்டுவிடுவான் என்ற பயத்தில்தான் அவர்கள் அதை அவ்வளவு பெரிசாக வரைந்தார்கள், அதனால் கிட்டில் வரும் ஸ்டிக்கர் வேண்டாம், மாஸ்கிங் டேப் ஒட்டிப் பிரஷ்ஷால் அடியுங்கள், ஓரம் கொஞ்சம் பிசிறினாலும் நல்லதுதான். ரஷ்ய நம்பர் இருந்த இடத்தில் வேறு பச்சையில் ஒரு திட்டு போட்டால் கதை புரிந்துவிடும்.

அப்புறம் குப்போலா, அதாவது டாங்கியின் சுழலும் மேல்கூண்டின் கூரையில் இருக்கும் சின்னப் பார்வைக் கூடு. கேவியில் கமாண்டர் சுற்றிலும் பார்க்க அது கிடையாது. ஜெர்மானியர்கள் சில வண்டிகளில் தங்களுடையதைப் பொருத்தினார்கள். கூரையில் பென்சிலால் வட்டம் போட்டு, கோட்டுக்கு உள்பக்கமாக வரிசையாகச் சின்னத் துளைகள் இட்டு, நடுத்துண்டைத் தட்டி எடுத்துவிட்டு அரைவட்ட அரத்தால் ராவுங்கள். சேலம் செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறையில் இருக்கும் சின்ன அரம் இதற்கென்றே செய்த மாதிரி இருக்கும். ஒரு வண்டியில் பீரங்கியையே கழற்றிவிட்டு ஜெர்மன் 75 மி.மீ. பீரங்கி வைத்திருக்கிறார்கள், பேன்சர்-4 என்ற ஜெர்மன் டாங்கிக் கிட்டின் நீளக் குழல் மிச்சமிருந்தால் அதையும் முயலலாம்.

தார்ப்பாய்க்கு டிஷ்யூ பேப்பரை ஃபெவிகால் தண்ணீரில் நனைத்துப் போடுங்கள். சேலத்துக்காரன் என்ற திமிரில் நான் ஒரு தடவை ஜவ்வரிசிக் கஞ்சியில் நனைத்தேன், விறைப்பாக நன்றாகத்தான் வந்தது, மறுவாரம் பார்த்தால் ஒரு மூலையை எறும்பு அரித்திருந்தது.

கடைசியில் மேட் வார்னிஷ். அதை ஏற்காட்டில் மழைக்காலத்தில் மட்டும் அடிக்காதீர்கள், ஈரக்காற்றுக்கு வெள்ளை பூத்துவிடும். கீழே இறங்கி வந்து, மதிய வெயில் நேரத்தில் வீட்டுக்குள் அடியுங்கள்.