‘முரண்டு பிடிக்கிறார்’ என்று எழுதுவதை நிறுத்துங்கள்

டிமென்ஷியா (மறதி நோய்) உள்ளவர்களைப் பராமரிப்பு ஊழியர்கள் பார்க்கும் விதத்தை ஒருநாள் வகுப்பு மாற்றிவிடாது. நோயேட்டில் எழுதும் சொல்லிலிருந்து தொடங்குங்கள். ‘முரண்டு பிடிக்கிறார்’ வேண்டாம். அதற்கு முன் என்ன நடந்தது, அவர் என்ன செய்தார், பிறகு என்ன ஆனது என்று எழுதச் சொல்லுங்கள். ஒரு வாரக் குறிப்புகளைச் சேர்த்துப் படித்தால் காரணம் பெரும்பாலும் பிடிபடும்.

அது பலமுறை வலியாகவே இருக்கும். வாயால் சொல்ல முடியாதவரின் வலியைப் பார்த்தே மதிப்பிடப் பெயினாட் (PAINAD) என்ற அளவுகோல் உண்டு: மூச்சு, முனகல், முகபாவம், உடலசைவு, ஆறுதலுக்கு அடங்குவது என 5 கூறுகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2, மொத்தம் 10. புரட்டும்போதும் குளிப்பாட்டும்போதும் பாருங்கள். அசையாமல் படுத்திருக்கையில் போட்ட மதிப்பெண் ஏமாற்றும்.

ஓரிரு நாளில் குழப்பம் திடீரெனக் கூடினால், ‘நோய் முற்றிவிட்டது’ என்று விட்டுவிடாதீர்கள். தொற்று, மலச்சிக்கல், நீர்ச்சத்துக் குறைவு, புதிய மருந்து ஆகியவற்றை அன்றே தேடுங்கள். இதைத் தள்ளிப்போடுவது ஆபத்து.

பேசும்போது எதிரே வந்து, கண்மட்டத்தில் உட்கார்ந்து, ஒரு நேரத்தில் ஒரே கேள்வி. பதிலுக்குப் 10 வினாடியாவது காத்திருங்கள். குளிக்க மறுத்தால் வற்புறுத்தாமல் 15 நிமிடம் கழித்து வாருங்கள்.

முயற்சி சறுக்கும் இடம், ஒரு ஷிஃப்ட் முடிந்து அடுத்த ஷிஃப்டிடம் பொறுப்பை ஒப்படைக்கும் நேரம். மூத்த செவிலியர் அங்கே பழைய சொல்லையே சொன்னால், புதிதாகச் சேர்ந்தவரும் அதையே கற்றுக்கொள்வார்.