கார்ல சாவி போட்டா மட்டும் ஓடுற மாதிரி புது சாமானுக்கு கரண்ட் எடுக்கிறது எப்படி

டேஷ் கேம், யூஎஸ்பி சார்ஜர், ஃபாக் லைட், எதுவா இருந்தாலும் சரி, கார்ல புதுசா ஒண்ணு மாட்டணும்னா முதல் கேள்வி கரண்ட் எங்கேருந்து எடுக்கிறதுன்றதுதான். பேட்டரியிலருந்து நேரா இழுத்துட்டா வேலை சீக்கிரம் முடிஞ்சிடும், ஆனா வண்டிய பூட்டிட்டு போனப்புறமும் அது கரண்ட்ட குடிச்சுக்கிட்டே இருக்கும். கணக்கு போட்டு பாருங்க, ஒரு டேஷ் கேம் 0.3 ஆம்பியர் இழுக்குதுன்னா ஒரு நாளைக்கு 7.2 ஆம்பியர் அவர், 45 ஆம்பியர் அவர் பேட்டரின்னா மூணு நாள்ல கிட்டத்தட்ட பாதி காலி. அதுவும் கொஞ்சம் பழைய பேட்டரின்னா செல்ஃப் அடிக்கும்போது டக் டக்னு சத்தம் மட்டும்தான் வரும். அதனாலதான் சாவி போட்டா வரணும், சாவி எடுத்தா போகணும்ன்ற மாதிரி கீ சப்ளையோட சேர்க்கிறோம்.

கார்ல சப்ளை ரெண்டு வகை. ஒண்ணு டைரக்ட், எப்பவும் 12 வோல்ட் இருக்கும், ஹசார்ட் லைட், ஹாரன், கதவு லாக் எல்லாம் பெரும்பாலும் இதுல ஓடும். இன்னொண்ணு சாவி வழியா வர்றது, இதுலயும் ரெண்டு உண்டு. சாவிய முதல் கட்டம் திருப்பினா ஏசிசி, ரேடியோவும் சார்ஜிங் சாக்கெட்டும் வரும், அடுத்த கட்டம் இக்னிஷன் ஆன், மீட்டர்ல லைட்டெல்லாம் எரியும். ஸ்டார்ட் பண்ண முறுக்கும்போது பெரும்பாலான வண்டியில ஏசிசி லைன் மட்டும் ஒரு நொடி கட்டாகி திரும்ப வரும், பேட்டரியோட பலம் முழுக்க ஸ்டார்ட்டருக்கு போகணும்னு அப்படி வச்சிருக்காங்க. டேஷ் கேம் ஸ்டார்ட் பண்ணும்போது ஒருதரம் அணைஞ்சு எரிஞ்சா பயப்பட வேண்டாம், காரணம் இதுதான். பட்டன் ஸ்டார்ட் வண்டியிலயும் இதே கட்டங்கள்தான், பிரேக்க மிதிக்காம பட்டன ஒருதரம் அமுக்கினா ஏசிசி, இன்னொருதரம் அமுக்கினா ஆன்னு வரும்.

இப்ப இந்த வேலையிலயே ரொம்ப முக்கியமானத சொல்லிடுறேன். கீ லைன்லருந்து "சாவி போட்டாச்சு"ன்ற தகவல மட்டும் எடுங்க, ஓடுறதுக்கு வேண்டிய கரண்ட்ட பேட்டரியிலருந்து தனி பியூஸ் வழியா எடுங்க. கீ சுவிட்சுக்குள்ள இருக்கிற காண்டாக்டும் அதுக்கு வர்ற ஒயரும் கம்பெனி கொடுத்த சாமானுக்கு கணக்கு பண்ணி வச்சது, அதுல நாம பத்து ஆம்பியர் கூட ஏத்தினா முதல் நாள் ஒண்ணும் ஆகாது, மாசக்கணக்குல காண்டாக்ட் சூடாகி கருகி கடைசியில ஓடுற வண்டி நடுரோட்டுல நிக்கும். டேஷ் கேம், சார்ஜர் மாதிரி ரெண்டு மூணு ஆம்பியருக்குள்ள அடங்குற சின்ன சாமானுக்கு இந்த பயம் இல்ல, அத பியூஸ் பாக்ஸ்லருந்தே எடுத்துக்கலாம். 5 ஆம்பியருக்கு மேலன்னா ரிலே போடுங்க, அதாவது சின்ன கரண்ட்ட வச்சு பெரிய கரண்ட்ட ஆன் ஆஃப் பண்ணுற சுவிட்ச், யோசிக்கவே வேண்டாம். எத்தனை ஆம்பியர்னு தெரியலன்னா சாமான் மேல போட்டிருக்கிற வாட்ஸ 12ஆல வகுங்க, 55 வாட்ஸ் ஃபாக் லைட் ரெண்டுன்னா 110, ஏறக்குறைய 9.2 ஆம்பியர்.

பியூஸ் கண்டுபிடிக்கிறதுல அவசரப்படாதீங்க, பாதி வேலை இதுலதான் இருக்கு. மேனுவல்லயோ பியூஸ் பாக்ஸ் மூடியோட உள்பக்கமோ எந்த பியூஸ் எதுக்குன்னு படம் இருக்கும். மல்டிமீட்டர டிசி 20 வோல்ட்ல வைங்க, கருப்பு ப்ரோபை பெயிண்ட் இல்லாத ஒரு போல்ட்ல அழுத்தி பிடிங்க. பியூஸ பிடுங்கவே வேண்டாம், கிட்ட போய் பார்த்தீங்கன்னா பிளேடு பியூஸோட தலையில ரெண்டு ஓரத்துலயும் சின்னதா உலோகம் தெரியும், சிவப்பு ப்ரோபோட முனைய அதுல வச்சாலே போதும். சாவி இல்லாம 0, போட்டா 12 காட்டினா அது கீ சப்ளை. சாவி இல்லாமலே 12 காட்டினா டைரக்ட்.

இதோட நிறுத்திடாதீங்க. நிறைய வண்டியில சாவி எடுத்தப்புறமும் கதவு திறக்கிற வரைக்கும், இல்லன்னா பத்து நிமிஷம் வரைக்கும் சில லைன்ல கரண்ட் நிக்கும், பவர் விண்டோ ஏத்துறதுக்காக விட்டு வச்சது அது. அதனால கதவ திறந்து மூடி லாக் பண்ணிட்டு அரை மணி கழிச்சு திரும்ப ஒருதரம் அளந்து பாருங்க. அதே மாதிரி ஒரு ஆள உட்கார வச்சு ஸ்டார்ட் பண்ண சொல்லி மீட்டர பாருங்க, லைன் கட்டாகுதா நிக்குதான்னு அப்பதான் தெரியும்.

எந்த பியூஸ்ல கை வைக்கலாம்னா சார்ஜிங் சாக்கெட், ரேடியோவோட ஏசிசி, பின்பக்க வைப்பர், சீட் ஹீட்டர் இதெல்லாம் பரவாயில்ல, பியூஸ் போனாலும் வண்டி ஓடும். ஏர்பேக், ஏபிஎஸ், பவர் ஸ்டீயரிங், இசியு (இன்ஜின் கம்ப்யூட்டர்), ஃப்யூல் பம்ப் பியூஸ் பக்கம் போகவே போகாதீங்க. மஞ்சள் கலர் ஸ்லீவோ மஞ்சள் கனெக்டரோ பார்த்தீங்கன்னா அது ஏர்பேக் லைனா இருக்கும், அதுல மீட்டர் ப்ரோப் கூட வைக்கக்கூடாது, பழைய பல்பு போட்ட டெஸ்ட் லேம்ப் இன்னும் ஆபத்து, அது இழுக்கிற கரண்ட்லயே ஏர்பேக் வெடிக்க வாய்ப்பிருக்கு. ஹைப்ரிட், எலக்ட்ரிக் வண்டியில ஆரஞ்சு கேபிள் உயிர் போற வோல்டேஜ், நம்ம வேலை 12 வோல்ட் பேட்டரி பக்கத்தோட முடியுது.

சின்ன சாமானுக்கு பியூஸ் டேப் வாங்குங்க. பழைய பியூஸ் இருந்த இடத்துல சொருகுறது இது, பழைய பியூஸும் நம்ம புது பியூஸும் ரெண்டும் இதுலயே உட்காரும், ஒயர் ஒண்ணு வெளிய வரும். மினி, லோ ப்ரொஃபைல் மினி, மைக்ரோ 2ன்னு அளவு பல உண்டு, உங்க பியூஸ கையில வச்சுக்கிட்டு ஒப்பிட்டு வாங்குங்க, கிட்டத்தட்ட சரியா இருக்குன்னு திணிச்சா சாக்கெட் விரிஞ்சு அப்புறம் எந்த பியூஸும் இறுக்கமா நிக்காது.

டேப்ப சொருகுற திசை நிறைய பேர் கவனிக்காத விஷயம். சாக்கெட்டோட ரெண்டு கால்ல ஒண்ணுலதான் கரண்ட் வருது, இன்னொண்ணு சாமான் பக்கம் போகுது. டேப்ல ரெண்டு பியூஸும் சேர்ற கால் கரண்ட் வர்ற பக்கம் இருக்கணும், அப்பதான் ரெண்டும் தனித்தனி பாதை. திருப்பி சொருகினா நம்ம சாமானோட கரண்டும் பழைய பியூஸ் வழியாவே போகும், வேலை செய்யும், ஆனா பழைய பியூஸ் மேல சுமை ஏறும். சரி பார்க்க ஒரு வழி இருக்கு, டேப்லருந்து பழைய பியூஸ மட்டும் எடுத்துட்டு புது பியூஸ விட்டுட்டு சாவி போடுங்க, வெளிய வர்ற ஒயர்ல 12 வோல்ட் வந்தா திசை சரி, வரலன்னா டேப்ப திருப்பி சொருகுங்க, அப்புறம் மறக்காம பழைய பியூஸ திரும்ப போட்டுடுங்க.

டேஷ் கேம் கிட்ல மூணு ஒயர் வரும், பெரும்பாலும் சிவப்பு கீ சப்ளைக்கு, மஞ்சள் டைரக்டுக்கு, கருப்பு எர்த்துக்கு, அதாவது பேட்டரி மைனஸோட சேர்ந்திருக்கிற கார் பாடிக்கு. மஞ்சள் பார்க்கிங் ரெக்கார்டிங்குக்காக. வோல்டேஜ் இறங்கினா தானா கட்டாகுற செட்டிங் அதுல இருந்துச்சுன்னா 12க்கு கீழ வைக்காதீங்க.

இனி ரிலே. நாலு கால், அஞ்சு கால் ரிலே எதுலயும் நம்பர் ஒண்ணுதான், ஜெர்மன் டிஐஎன் 72552 முறையில வந்தது. 85, 86 காயில், அதாவது ரிலேய ஆன் பண்ணுற கம்பிச் சுருளோட ரெண்டு முனை. 30ல கரண்ட் உள்ள வரும், காயில்ல கரண்ட் பாஞ்சா 30ம் 87ம் சேரும். அதனால கீ லைன்லருந்து எடுத்த ஒயர 86ல கொடுங்க, 85 பாடி எர்த், பேட்டரி ப்ளஸ்லருந்து பியூஸ் வழியா வர்ற தடிமனான ஒயர் 30ல, 87லருந்து சாமானுக்கு. காயில் இழுக்கிறது 0.15, 0.2 ஆம்பியர்தான், கீ சுவிட்சுக்கு அது ஒரு சுமையே இல்ல. அஞ்சாவது கால் 87ஏ, அது சாவி இல்லாதப்ப சேர்ந்திருக்கும், அதுல மாட்டிட்டா நீங்க நினைச்சதுக்கு நேர் எதிரா வண்டிய பூட்டினாதான் ஓடும்.

காயிலுக்குள்ளயே ரெசிஸ்டரோ டையோடோ இருக்கிற ரிலேயா வாங்குங்க, காயில் கட்டாகிற நொடியில ஒரு பெரிய வோல்டேஜ் தெறிப்பு கீ லைனுக்கு திரும்ப வரும், அத அங்கேயே அடக்கிடும். டையோடு வச்ச ரிலேல 85, 86 மாத்தி கொடுத்தா ஷார்ட்டாகி பியூஸ் போயிடும், அதனால ரிலே மேல போட்டிருக்கிற படத்த பார்த்து ப்ளஸ் எதுன்னு உறுதி பண்ணிட்டு மாட்டுங்க. ஃபாக் லைட்டுக்கு தனி சுவிட்ச் வேணும்னா அத 86க்கு போற ஒயர்ல போடுங்க, கம்மி கரண்ட்ன்றதால சின்ன சுவிட்சே தாங்கும். இன்னொண்ணு, ஹெட்லைட், பார்க் லைட் ஒயர்லருந்து 86க்கு எடுக்கலாமான்னு கேட்பாங்க. புது வண்டியில அந்த லைன பாடி கம்ப்யூட்டர் நொடிக்கு பல தடவ ஆன் ஆஃப் பண்ணி வெளிச்சத்த கட்டுப்படுத்தும், ரிலே டர்ர்ர்னு அடிக்கும், வண்டி மீட்டர்ல பல்பு ஃபால்ட்டுன்னு காட்டும், அதனால வேண்டாம்.

ஒயர் வேலைய தொடங்குறதுக்கு முன்னாடி பேட்டரி மைனஸ கழட்டிடுங்க, கடைசியா மாட்டுறதும் மைனஸ்தான். அப்பதான் ஸ்பேனர் பாடியில பட்டாலும் தீப்பொறி வராது. பேட்டரியிலருந்து வர்ற ஒயரோட பியூஸ் பேட்டரியிலருந்து ஒரு சாண் தூரத்துக்குள்ள இருக்கணும், ரிலே பக்கத்துல இல்ல. ஏன்னா பியூஸ் காப்பாத்துறது ஒயர, நடுவுல எங்கயாவது ஒயர் உரசி பாடியில பட்டா பியூஸுக்கு முன்னாடி இருக்கிற பகுதிக்கு எந்த பாதுகாப்பும் இல்ல, பேட்டரி நூத்துக்கணக்கான ஆம்பியர கொட்டும், ஒயர் சிவந்து எரியும். கார் தீப்பிடிக்கிற மாதிரி ஒரு தப்பு இந்த வேலையில இருக்குன்னா அது இதுதான்.

ஒயர் கனம் 5 ஆம்பியர் வரைக்கும் 0.75 சதுர மிமீ, 10க்கு 1.5, 15, 20ன்னா 2.5. கொஞ்சம் கனமா போட்டா நஷ்டம் இல்ல, 4 மீட்டர் 1.5 சதுர மிமீ ஒயர்ல 10 ஆம்பியர் போனா ஏறக்குறைய அரை வோல்ட் வழியிலயே போயிடும், ஹாலஜன் பல்புல அது கண்ணுக்கே தெரியும். பியூஸ் கலர் எல்லா இடத்துலயும் ஒண்ணுதான், 7.5 பழுப்பு, 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. மேல சொன்ன ரெண்டு ஃபாக் லைட்டுக்கு 15 போதும். பியூஸ் அடிக்கடி போகுதுன்னு பெருசு போடாதீங்க, எங்கயோ உரசுதுன்னு அது சொல்லுது, போய் தேடுங்க.

பாதிக்கு மேல கோளாறு எர்த்துலதான் வரும், அனுபவத்துல சொல்றேன். லைட் மங்கலா எரியுது, கேமரா அணைஞ்சு அணைஞ்சு எரியுதுன்னா எல்லாரும் ப்ளஸ் பக்கம் தேடுவாங்க. கம்பெனியே எர்த் கொடுத்திருக்கிற போல்ட் ஒண்ண தேடி அதுல சேருங்க, ஏர்பேக்கோட எர்த் போல்ட்ட மட்டும் விட்டுடுங்க. புது இடம்னா உப்புத்தாள் போட்டு பெயிண்ட்ட தேய்ச்சு வெள்ளி மாதிரி தகடு தெரியணும், லக் (ஒயர் முனையில மாட்டுற உலோக வளையம்) உட்கார்ற வட்டம் முழுக்க. லக்க இறுக்கிட்டு மேல கொஞ்சம் கிரீஸ் தடவுங்க, துரு பிடிக்காது. பேட்டரி மைனஸ் கிளாம்ப்லயே சின்ன சென்சார் பெட்டி ஒண்ணு ஒட்டியிருந்தா பேட்டரி மைனஸ்ல நேரா கொடுக்கக்கூடாது, பாடியிலதான் கொடுக்கணும், இல்லன்னா வண்டியோட சார்ஜிங் கணக்கு தப்பா போகும்.

ஜாயிண்ட்ட முறுக்கி இன்சுலேஷன் டேப் சுத்துறத விட்டுடுங்க, வெயில்ல பசை உருகி டேப் கழண்டுக்கும். ஒயர் முனைய கனெக்டர்ல வச்சு நசுக்குற சரியான க்ரிம்ப் பிளையர்ல அழுத்தி, இழுத்து பார்த்து, சூடு பட்டா சுருங்கி இறுகுற ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்க. ஒயரோட தோல கிழிச்சு கடிச்சு பிடிக்கிற பிளாஸ்டிக் கிளிப் எனக்கு சுத்தமா பிடிக்காது, உள்ள இருக்கிற கம்பியில பாதிய அறுத்துடும், ஈரமும் இறங்கும். இன்ஜின் பக்கத்துலருந்து உள்ள வர்ற ஒயர் ஏற்கனவே இருக்கிற ரப்பர் க்ரோமெட் வழியா வரட்டும், வெறும் தகட்டு ஓட்டையில விட்டா அதிர்வுல தோல் தேய்ஞ்சிடும். சைலன்சர், ஸ்டீயரிங் ராடு, பெடல் பக்கமெல்லாம் தொங்காம கேபிள் டை போட்டு கட்டுங்க. டேஷ் கேம் ஒயர் கண்ணாடி ஓரத் தூண்ல இறங்கும்போது அங்க கர்ட்டன் ஏர்பேக் இருந்தா அதுக்கு பின்னாடி போகணும், முன்னாடி குறுக்க போனா ஏர்பேக் விரியறப்ப ஒயரு முகத்துக்கு வரும்.

முடிச்சதும் ரெண்டு அளவு எடுங்க. இன்ஜின ஓட விட்டு சாமான ஆன் பண்ணிட்டு பேட்டரியில எவ்வளவு, சாமானோட முனையில எவ்வளவுன்னு பாருங்க, பேட்டரியில 14 பக்கம் இருக்கும், வித்தியாசம் அரை வோல்ட்ட தாண்டினா ஏதோ ஒரு ஜாயிண்ட் சரியில்ல, எர்த்துலருந்து தேட ஆரம்பிங்க. அடுத்தது தூங்குற கரண்ட், அதாவது வண்டி பூட்டி நிக்கும்போதும் பேட்டரியிலருந்து போற கரண்ட். சாவிய எடுத்துட்டு பேட்டரி மைனஸ கழட்டி, மீட்டர 10 ஆம்பியர் ரேஞ்சுல அதுக்கு நடுவுல மாட்டி, வண்டிய லாக் பண்ணி அரை மணி விடுங்க, மீட்டர் மாட்டியிருக்கும்போது தப்பித்தவறி கூட ஸ்டார்ட் பண்ணாதீங்க, மீட்டர் போயிடும். 0.05 ஆம்பியருக்குள்ள நின்னா நல்லது. அதுக்கு மேல காட்டினா நீங்க போட்ட புது பியூஸ பிடுங்குங்க, அளவு இறங்கிச்சுன்னா உங்க லைன் ஏதோ டைரக்ட் சப்ளையோட சேர்ந்திருக்கு, இறங்கலன்னா அது நீங்க கை வைக்கிறதுக்கு முன்னாடியே வண்டியில இருந்த லீக், ஒவ்வொரு பியூஸா பிடுங்கி பார்த்து கண்டுபிடிக்கணும்.